பல்லவியில் எந்த மாமன்?

அத்தியாயம் 14

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு நிமிடம் நின்று சொல்லிவிடுகிறேன். முதலிலிருந்தே கூட வருகிறவர்கள் அதற்குள் காபியை ஆற்றிக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் ஒதியம்பட்டில், என் பக்கத்து வீட்டுத் தங்கவேலுக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். மூத்தவன் கலைவேந்தன் டவுனில் டைல்ஸ் கடையில் வேலை பார்க்கிறான், அப்பாவோடு பழைய வீட்டில் இருக்கிறான். இளையவன் புகழ்வேந்தன் டிராக்டர் ஓட்டுகிறான், நான்கு வீடு தள்ளி மாடி வைத்துக் கட்டியிருக்கிறான். பொங்கலன்று புது பம்புசெட்டுக்குப் பூசை போட்டபோது, தம்பி குளித்துவிட்டு வருவதற்குள் அண்ணன் தேங்காயை உடைத்துவிட்டான். அன்றிலிருந்து ஐந்து மாதமாக இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. தெருவில் எதிரெதிரே வந்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் போனில் அவசர வேலை வந்துவிடும்.

மகள் புவனேஸ்வரி அபிஷேகப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் மகனுக்குக் காது குத்து. காது குத்து என்றால் தாய்மாமன் மடி வேண்டும். மாமன்கள் இரண்டு பேர், பிள்ளைக்கு மடி ஒன்று. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதன் நடுவில்தான் கலைவேந்தனின் மனைவி விஜயகுமாரி பாட்டு எழுதுகிறாள்.

சும்மா எழுதவில்லை. பதினான்கு மாதமாக ஒரு நாள் விடாமல் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து எழுதுகிறாள். ஏதாவது ஒரு மெட்டை ‘தானனா தானனா’ என்று முணுமுணுத்து, அந்த அளவுக்குப் பத்து பல்லவி. நோட்டின் வலப்பக்கம் பாட்டு. இடப்பக்கம் அந்தப் பாட்டில் என்ன கோளாறு என்று அவளே எழுதும் புகார். ‘இங்கே மூச்சு விட இடமில்லை.’ ‘மேலே நீட்டும் இடத்தில் வாய் மூடிக்கொள்ளும் எழுத்து.’ ‘இதை யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள்.’ சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கும் எனக்கு அலாரம் வைக்கும் வேலை மிச்சம். அவள் தொழில் ஜாக்கெட் தைப்பது. என் மாம்பழக் கலர் ஜாக்கெட் மூன்று வாரமாகக் கை இல்லாமல் தொங்குகிறது என்பதை இங்கே குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

போன வாரம் வில்லியனூரில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கும் சார்லஸ் அவளிடம் ஒரு விஷயம் சொன்னான் அல்லவா? பக்கத்து ஊர்க் கோயில் ஒன்றுக்கு ஆடி மாதத்துக்காக ஆறு அம்மன் பாட்டு கேட்டிருக்கிறார்கள். “ஞாயித்துக்கிழம உங்க காது குத்துப் பாட்டு பந்தல்ல ஓடட்டும் அக்கா. ஓடிச்சின்னா ஆறும் உங்களுக்குத்தான். சொந்தக்காரங்களே நிறுத்தன பாட்டுன்னு பேராச்சின்னா, கோயில்காரங்க கிட்ட நான் இன்னா சொல்றது?”

அவன் சொன்னதில் தப்பில்லை. வீட்டுக்குள்ளேயே ஓடாத பாட்டை எந்த அம்மன் கேட்பாள்?

•

புதன்கிழமை. பதினொரு மணிக்கு ஒலிப்பதிவு. காலை ஆறரைக்கே வெடித்தது.

முதல் நாள் மாலை விஜயகுமாரி தபேலாத் தாளத்தோடு தன் குரலில் பாடி அனுப்பிய மாதிரியை, புவனேஸ்வரி சந்தோஷம் தாங்காமல் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டாள். புவனாவுக்கு எப்போதுமே சந்தோஷம் வந்தால் கை நிற்காது. பல்லவி இப்படி ஆரம்பித்தது:

‘கலைவேந்தன் மாமன் மடி தங்கத் தேராம்…’

அதற்குப் பதிலாகப் புகழ்வேந்தன் காலையில் அனுப்பிய குரல், விஜயகுமாரியின் போனிலிருந்து தெருவுக்கே கேட்டது.

“அண்ணி, எண்ணிப் பாத்தேன். பல்லவி அஞ்சு வாட்டி வருது. அண்ணன் பேரு அஞ்சு வாட்டி. எம்பேரு ரெண்டாவது சரணத்துல ஒரே வாட்டி, அதுவும் தபேலா சத்தத்துல. நல்லாருக்கு அண்ணி, ரொம்ப நல்லாருக்கு. ஞாயித்துக்கிழம வர்றேன், கடைசிப் பந்தில ஒக்காந்து சாப்ட்டுட்டு வந்துர்றேன். மடி கிடியெல்லாம் அவரே குடுத்துக்கட்டும்.”

கலைவேந்தன் பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றான். முகத்தில் கோபம் இல்லை. வாய் நிறைய நுரையும் வெற்றியும் இருந்தன.

“எண்ணிகினு இருந்தானா? எண்ணட்டும். பெரியவன் பேரு பல்லவில வரும். சின்னவன் பேரு சரணத்துல வரும். பத்திரிகைல அப்படித்தான போட்டுக்கீறாங்க?”

“பத்திரிகைய யாரும் பாடமாட்டாங்க” என்றாள் விஜயகுமாரி.

கொட்டகையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த தங்கவேல் தலையை நீட்டினார்.

“எம்மா விஜயா, ஒண்ணு சொல்றேன். நான் வெச்ச பேருங்க ரெண்டும் ஒரே அளவு. மாத்திப் போட்டாலும் தாளம் தப்பாது.” தொண்டையைச் செருமிக்கொண்டு பாடியே காட்டினார். “புகழ்வேந்தன் மாமன் மடி தங்கத் தேராம்… பாத்தியா? கச்சிதமா ஒக்காருது.”

“அப்பா!”

“மூணு வாட்டி ஒருத்தன், ரெண்டு வாட்டி ஒருத்தன்னு போட்டா இன்னாடா?”

“யாரு மூணு?”

தங்கவேல் தலையைக் கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டார். அனுபவசாலி.

மாமனார் விளையாட்டாகத்தான் சொன்னார். விஜயகுமாரிக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. நோட்டைப் பிரித்து அந்தப் பல்லவியை இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் போட்டு முணுமுணுத்தாள். கச்சிதமாகத்தான் உட்கார்ந்தது. பக்கத்துத் தெரு ஆள் பேரைப் போட்டாலும் உட்காரும். தங்கத் தேரில் யார் வேண்டுமானாலும் ஏறலாம்.

இடப்பக்கத்தில் எழுதினாள்: ‘யாருக்கும் பொருந்துகிறது. அப்படியென்றால் யாருடையதும் இல்லை.’

“நான் கெளம்பறேன்” என்றாள்.

“பாட்ட மாத்தப் போறியா?” கலைவேந்தன் வாயைக் கொப்பளித்துத் துப்பினான். “அவன் ஒரு வார்த்த சொன்னதுக்கா?”

“அவரு சொன்னதுக்கு இல்ல. பல்லவி நல்லால்ல.”

“எம்பேரு இருக்கறது நல்லால்லியா?”

“மூணு நாளா வேற ஒண்ணும் தோணல. அந்த எடத்த ரொப்பணும்னு உங்க பேர வெச்சேன். சோம்பேறித்தனம்.”

கட்டின புருஷன் பேரை எழுதியதைச் சோம்பேறித்தனம் என்று சொன்ன பெண்ணை எங்கள் தெரு அதுவரை பார்த்ததில்லை. கலைவேந்தனும் பார்த்ததில்லை. அவள் பஸ் ஏறி வெகு நேரம் கழித்துத்தான் அவன் பிரஷ்ஷைக் கீழே வைத்தான்.

•

சார்லஸின் கூடம் வில்லியனூர் ஸ்டேஷன் பக்கத்தில், உரக்கடைக்கு மேல். சுவரெல்லாம் முட்டை அட்டை. எவ்வளவு அட்டை ஒட்டினாலும் ரயில் சத்தம் உள்ளே வந்துவிடும். ஆகவே ரயில் நேரம் பார்த்துத்தான் அங்கே பாட முடியும். மாதா கோயில் பாட்டும் அங்கேதான், மாரியம்மன் பாட்டும் அங்கேதான். இரண்டுக்கும் சுகன்யாதான் பாடுவாள். அங்கே நடந்ததை எனக்குச் சொன்னவளும் அவள்தான். ஒரு டம்ளர் மோர் கொடுத்தால் போதும், நடந்ததை நடந்தபடி சொல்வாள். இரண்டு டம்ளர் கொடுத்தால் நடக்காததையும் சொல்வாள். நான் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

“பல்லவி மாறுது” என்று விஜயகுமாரி உள்ளே நுழைந்தபோதே சொல்லிவிட்டாளாம்.

சார்லஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். “அக்கா, பன்னெண்டரைக்கு மாதா கோயில் பாட்டுக்காரங்க வந்துருவாங்க. எட்டுப் பேரு. இப்ப பதினொண்ணு.”

“நாப்பது நிமிசம் குடு.”

“நாப்பது நிமிசத்துல பாட்டா?”

“பாட்டு இல்ல. பத்து பல்லவி. பத்துல ஒண்ணு பாட்டு.”

வெளிப்படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். முதல் மூன்று எப்போதும் போல வந்தன: தங்கம், முத்து, சிங்காசனம். அடித்தாள். வீட்டில் ஐந்து மணிக்கு எழுதும்போதும் முதல் மூன்று அப்படித்தான் வருமாம். குழாயைத் திறந்தால் முதலில் துருத் தண்ணீர் வருவது போல என்று சுகன்யாவிடம் சொல்லியிருக்கிறாள். நான்காவதில் சீர்வரிசை வந்தது. அடித்தாள். ஐந்தாவதில் நிலா எட்டிப் பார்த்தது. பட்டப்பகலில் நடக்கிற காது குத்துக்கு நிலா எதற்கு என்று அதையும் அடித்தாள்.

கீழே உரக்கடைக்குப் பக்கத்து மெஸ்ஸில் சாம்பார் தாளிக்கிற வாசனை ஏறி வந்தது.

பேனா நின்றது. போன வருஷம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காது குத்தில் பார்த்தது ஞாபகம் வந்தது. எல்லோரும் பிள்ளையைச் சுற்றிக் கூட்டமாய் நிற்க, சமையல்காரர் தட்டி மறைப்புக்குப் பின்னாலிருந்து கழுத்தை நீட்டி, “அழுதாச்சா? அழுதாச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிள்ளை அழுதால்தான் காது குத்தியாகிவிட்டது என்று கணக்கு. குத்தியாகிவிட்டால்தான் இலை போடலாம். முந்நூறு பேர் வயிறு ஒரு வாய் அழுகைக்காகக் காத்திருந்தது.

கலைவேந்தன் இருந்த இடத்தில், அதே அளவில், ஆறாவது பல்லவி வந்து உட்கார்ந்தது.

‘அழுதாத்தான் ராசா இனி பந்தி ஓடும்
அதுக்காகத் தானே இங்கு ஊரே கூடும்’

மெதுவாகப் பாடிப் பார்த்தாள். ‘ஓடும்’ என்ற இடத்தில் வாய் நன்றாகத் திறந்தது. நீட்டலாம். எழுந்து நின்று, படியிறங்கி, படியேறிப் பாடினாள். மூச்சு முட்டவில்லை. மீதி நான்கு பல்லவியை எழுதாமல் விட்டது பதினான்கு மாதத்தில் இதுதான் முதல் தடவை.

சரணத்தில் மாமன்கள் வரவேண்டும். அங்கேயும் பேர் இல்லை. இரண்டு சரணம், ஒரே மெட்டு, ஒரே அளவு. ஒவ்வொன்றிலும் ஒரு ஆள். சுகன்யா மைக் முன்னால் நின்று அந்தத் தாளைப் பார்த்துப் பாடினாள்.

‘எட்டி நின்னு ஒருத்தரு உங்கம்மா மொகம் பாப்பாரு
அவ காது குத்தி அழுத நாள அங்க நின்னு கேப்பாரு’

இரண்டாவது சரணம் போனபோது பாதியில் நிறுத்திவிட்டாள்.

“அக்கா, ‘ஆசாரி கையப் புடிச்சி அதட்டிப் பேசுவாரு ஒருத்தரு’. மூச்சு பத்தலக்கா. ‘ஒருத்தரு’ உள்ள போயிடுது.”

விஜயகுமாரி வாதாடவில்லை. ‘என் வரி’ என்று கட்டிப்பிடித்துக்கொள்ளவும் இல்லை. தாளை வாங்கி, ‘பேசுவாரு’வைத் தூக்கி, ‘அதட்டுவாரு’ என்று ஒரே சொல்லாகச் சேர்த்துக் கொடுத்தாள். ஜாக்கெட்டில் அரை இஞ்ச் பிடிப்பது போல இரண்டே விநாடி.

‘ஆசாரி கையப் புடிச்சி அதட்டுவாரு ஒருத்தரு
ஆயிரம் பேர் நடுவுல அசையாத மனுசரு
ஊசி ஒண்ணு உள்ள போயி உனக்கு வலிக்குமுன்னே
ஓரமா அந்த மீசை அழுவுதடா கண்ணே’

சார்லஸ் காதிலிருந்து ஹெட்போனை எடுத்துவிட்டுச் சிரித்தான். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

“அக்கா, பாட்டு நல்லாக்கீது. ஆனா ஒண்ணு கேக்கறேன். இதுல மாமன் பேரே இல்லியே?”

“இல்ல.”

“காது குத்துப் பாட்டு. மாமன் பேரு இல்ல.”

“ஆளு இருக்காங்க.”

“நம்ம ஆளுங்களுக்கு ஆள வுட பேருதாங்க்கா முக்கியம்.”

“ரயிலு வர்றதுக்குள்ள எடு சார்லஸ்” என்றாள் விஜயகுமாரி.

பன்னிரண்டு இருபதுக்குப் பாட்டு முடிந்தது. மாதா கோயில்காரர்கள் படியேறும்போது கேட்டது அந்தப் பல்லவியைத்தான். ஏறியவர்களில் இரண்டு பேர் மேலே வந்து சேருவதற்குள் அதை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்களாம். இது ஒரு டம்ளர் மோருக்குள் சொன்ன செய்திதான், நம்பலாம்.

•

மூன்று மணிக்குப் பாட்டு குடும்ப வாட்ஸ்அப்பில் வந்தது. மூன்று பத்துக்குக் கலைவேந்தன் டைல்ஸ் கடையிலிருந்து சார்லஸுக்குப் போன் போட்டான். மூன்று பன்னிரண்டுக்குப் புகழ்வேந்தன் கரும்புக் கொல்லையிலிருந்து சார்லஸுக்குப் போன் போட்டான். இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான்: பாட்டை நிறுத்தி வை.

சார்லஸ் விஜயகுமாரியை அழைத்தான். “அக்கா, ஸ்பீக்கர்காரர் பென் டிரைவ் வாங்க ஆறரைக்கு வர்றாரு. குடுக்கட்டுமா, வேணாமா? ரெண்டு அண்ணனும் வேணாங்கறாங்க. நான் நடுவுல மாட்டிகினு இருக்கறேன்.”

“ஆறரைக்குச் சொல்றேன்.”

“அந்த ஆறு பாட்டு…”

“ஆறரைக்குச் சொல்றேன் சார்லஸ்.”

போனை வைத்துவிட்டுத் திண்ணையில் தையல் மிஷினுக்கு முன் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோப்பதற்கு மூன்று தடவை ஆயிற்று.

இனிமேல் நடந்ததுதான் எங்கள் தெரு ஐந்து மாதமாகக் காணாதது.

சரியாக மூன்றரைக்குக் கலைவேந்தனின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான், ‘புகழ்’ என்று வந்தது. கடை முதலாளி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அவரை அப்படியே நிற்க வைத்துவிட்டு வெளியே வந்தான். இதைக் கலைவேந்தனே பிறகு எல்லோரிடமும் சொன்னான், ஆகவே எனக்கு இதில் மோர்ச் செலவு இல்லை.

“ஹலோ” என்றான் அண்ணன்.

“ம்” என்றான் தம்பி.

“இன்னாண்ணே இது? உம்பேரும் இல்ல, எம்பேரும் இல்ல. அண்ணி ரெண்டு பேரையும் தூக்கிருச்சி.”

“அதான்டா நானும் பாக்கறேன். அஞ்சு வாட்டி இருந்துச்சி.”

“எனக்கு ஒரு வாட்டியாவது இருந்துச்சி.”

“உன்னாலதான்டா. நீ எண்ணாம இருந்திருந்தா…”

“நீ தேங்கா ஒடைக்காம இருந்திருந்தா…”

கடைக்குள்ளிருந்து முதலாளி கூப்பிட்டார்.

“சாயங்காலம் வூட்டுக்கு வா. ரெண்டு பேரும் போய்க் கேப்போம்” என்றான் அண்ணன்.

•

ஆறு மணிக்கு இரண்டு பேரும் ஒன்றாகத் தெருவில் நடந்து வந்தார்கள். எதிர்வீட்டுத் தையலம்மாள் துடைப்பத்தோடு வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். நான் மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை இரண்டாம் முறை மடிக்க ஆரம்பித்தேன்.

“அண்ணி!” புகழ்வேந்தன் திண்ணை ஏறும் முன்னாலேயே அவன் குரல் ஏறிவிட்டது.

விஜயகுமாரி மிஷினை நிறுத்தினாள். “வாங்க தம்பி. அஞ்சு மாசம் ஆச்சி. ஒக்காருங்க.”

“ஒக்கார வரல. எங்க பேரு எங்க?”

“ஆமா. எங்க பேரு எங்க?” என்று கலைவேந்தனும் தம்பி பக்கத்தில் நின்று கேட்டான். தன் வீட்டில் தானே விருந்தாளி மாதிரி நின்றான்.

விஜயகுமாரி நோட்டைப் பிரித்து, பேனாவை மேலே வைத்து, நாற்காலியின் மேல் நகர்த்தினாள்.

“பேரு வெக்கணும்னா ஒரு வரிய எடுக்கணும். மெட்டுல காலி எடம் இல்ல. எந்த வரிய எடுக்கறதுன்னு நீங்களே அடிச்சிக் குடுங்க. வெச்சித் தர்றேன். ஆறரைக்கு சார்லஸுக்குச் சொல்லணும்.”

சொல்லிவிட்டு அவள் நேராக நின்றாள். ஆனால் முந்தானை நுனி விரலில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அடித்தால் அடித்ததுதான். பாட்டும் போயிற்று, ஆறு பாட்டும் போயிற்று.

அண்ணன் பேனாவை எடுத்தான். இரண்டு தலைகளும் நோட்டின் மேல் குனிந்தன.

“மொதல்ல இந்த பந்தி வரிய எடு” என்றான் தம்பி.

“பந்திய எடுத்தா பல்லவி ஏது? கடைல பசங்க அதத்தான்டா மத்தியானத்துல இருந்து பாடறானுங்க.”

“அப்ப இந்த எட்டி நின்னு பாக்கறாரே, அத எடு.”

“அத எப்பிடிடா எடுக்கறது? அது நானு.” கலைவேந்தன் சொல்லிவிட்டுத் தானே திகைத்தான். “நம்ம புவனாக்குக் காது குத்தனப்ப நான் அப்பிடித்தான் நின்னேன். மொகத்தையே பாத்துகினு.”

“நீயா? நீ அப்ப வாழ மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிகினு இருந்த. நின்னது நானு. மீசை நீ.”

“எனக்கு அப்ப ஏதுடா மீசை? பன்னெண்டு வயசு. ஆசாரி கையப் புடிச்சது நீதான்.”

“புடிக்கல. கடிச்சேன்” என்றான் புகழ்வேந்தன்.

தங்கவேல் கொட்டகையிலிருந்து சத்தமாகச் சொன்னார். “தையல் போட்டாங்கடா அந்தாளுக்கு. ரெண்டு தையல்.”

முதலில் சிரித்தது யார் என்று குனிந்த தலைகளுக்கு மேலிருந்து என்னால் பார்க்க முடியவில்லை. சத்தத்தை வைத்துச் சொன்னால் தம்பி. ஆனால் அண்ணன் சிரிப்பு நிற்க அதிக நேரம் ஆயிற்று. நடுவில் பேனா கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

“அடிச்சாச்சா?” என்றாள் விஜயகுமாரி.

“இருங்க அண்ணி.” புகழ்வேந்தன் நோட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் இரண்டாம் சரணத்தை உதடு அசையப் படித்தான். ‘ஆயிரம் பேர் நடுவுல அசையாத மனுசரு.’ இன்னொரு முறை படித்தான். நோட்டை மூடி, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான்.

“பென் டிரைவ குடுக்கச் சொல்லுங்க.”

கலைவேந்தன் தலையை ஆட்டினான். பிறகு, “காபி போடட்டுமா?” என்றான். அவன் காபி போட்டு எங்கள் தெரு பார்த்ததில்லை. அதையும் அன்றைக்குப் பார்த்தோம்.

அவன் அடுக்களைக்குள் போனதும் புகழ்வேந்தன் குரலைத் தாழ்த்தினான். மேலே வரைக்கும் கேட்கும் அளவுக்குத்தான் தாழ்த்தினான். “அண்ணி, அந்த மீசை நான்தானே?”

“நீங்க இன்னா நெனைக்கிறீங்க தம்பி?”

“நான்தான்.”

காபி டம்ளரோடு வெளியே வந்த கலைவேந்தன் அவளுக்குக் கொடுக்கும்போது குனிந்து, “விஜயா, மீசைன்னு என்னத்தானே…” என்று ஆரம்பித்தான். அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு, “சர்க்கர கம்மி” என்றாள்.

சார்லஸுக்குப் போன் போட அவள் எடுத்தபோது அதுவே அடித்தது. அபிஷேகப்பாக்கம். புவனாவின் மாமனார் ஆதிமூலம், போனைத் தாண்டிக் கேட்கிற குரல்.

“எம்மா விஜயா, பாட்டு கேட்டேன்.”

“சொல்லுங்க மாமா.”

“நல்லாக்கீது. ஆனா ஒண்ணு. எங்க பக்கம் ஒருத்தர் கூட இல்லியே?”

“அதுல யார் பேருமே இல்லிங்க மாமா.”

“பேரு இல்லாட்டி இன்னா? அந்த எட்டி நிக்கறவன் யாரு, மீசை யாருன்னு எங்க தெருவுல ரெண்டு மணி நேரமா பந்தயம் கட்றானுங்க. எல்லாம் உங்க வூட்டு ஆளுங்க. தகப்பன் வூட்டுக்காரங்க யாரும் அழமாட்டாங்களா? விசேசம் எங்க வூட்டுது. பந்தல் எங்குளுது. ஸ்பீக்கர் நான் சொன்னாத்தான் பாடும்.”

புகழ்வேந்தன் போனைப் பிடுங்கிக்கொண்டான். “மாமா, பாட்டுல ஒரு எழுத்து மாறாது. சொல்லிட்டேன்.”

“ஆமா மாமா, மாறாது” என்று கலைவேந்தன் பக்கத்திலிருந்து போனுக்குள் கத்தினான். காலையில் தன் பேர் ஐந்து வாட்டி வரவேண்டும் என்று நின்றவன்.

“குடுங்க தம்பி.” விஜயகுமாரி போனை வாங்கினாள். ஆதிமூலம் மறுமுனையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவள் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள்.

“இவங்க சொன்னது சரிதான் மாமா. அந்தப் பாட்டு முடிஞ்சிபோச்சி, அதுல இனிமே கை வெக்கமாட்டேன். அது ஓடணும். உங்களுக்கு வேற பாட்டு தர்றேன். சனிக்கிழமைக்குள்ள.”

“வேறன்னா?”

“அது இருக்கட்டும். பேரன் ராவுல அழுதா, உங்க வூட்ல மொதல்ல எழுந்து ஓடியார்றது யாரு?”

ஸ்பீக்கரைப் பற்றிப் பேசிய மனிதரா என்று சந்தேகப்படும் அளவுக்கு அவர் குரல் இறங்கிவிட்டது.

“எங்க வூட்டுக்காரி செங்கமலம்தான்” என்றார். “ஆனா அவ ஓடமாட்டாம்மா. முட்டி வலி. படுத்த எடத்துல இருந்தே, இதோ வந்துட்டேன் இதோ வந்துட்டேன்னு சொல்லிகினே இருப்பா. அந்தக் கொரலக் கேட்டே அவன் தூங்கிருவான். இரு, அவளயே பேசச் சொல்றேன்…”

விஜயகுமாரி கீழே கிடந்த பேனாவைக் குனிந்து எடுத்து, மூடியைப் பல்லால் கழற்றினாள்.